அகற்றும் நாள்

சொந்த வீட்டில், சொந்தக் காசு கொடுத்து வாங்கிய கணினியில், தனசேகரனுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. காலை ஒன்பது மணியிலிருந்து இது நான்காவது தடவை.

'இந்தக் கோப்பை மாற்ற உங்களுக்கு அனுமதி இல்லை. நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்' என்று திரை ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னது.

"நிர்வாகியா? இந்த வீட்டுல என்னை விட்டா எவன்டா நிர்வாகி?" என்று தனசேகரன் பல்லைக் கடித்தார்.

சமையலறையிலிருந்து ரத்தினம்மாவின் குரல் வந்தது. "யாருங்க வந்திருக்கா?"

"யாரும் இல்ல ரத்தினம். கம்ப்யூட்டர்கூட பேசிக்கிட்டு இருக்கேன்."

"அது என்ன சொல்லுது?"

"முடியாதுங்குது."

"அதுக்காவது தைரியம் இருக்கே" என்றாள் ரத்தினம்மா. மிக்ஸி ஓடத் தொடங்கியது.

தனசேகரனுக்கு மூச்சு வந்தது. மிக்ஸி ஓடும்வரை பயமில்லை. அவர் செய்துகொண்டிருந்தது மனைவிக்குத் தெரியக்கூடாத காரியம். முப்பத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் ரத்தினம்மாவுக்குத் தெரியாமல் அவர் செய்த காரியங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவை அத்தனையும் அவளுக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். ஒரே மகன் பிரேம் எண்ணெய்க் கப்பலில் மூன்றாம் எஞ்சினியர். கப்பலின் பெயர் 'ஓரியன் ஜாஸ்மின்'. ரத்தினம்மா அதை 'மல்லி' என்றுதான் சொல்வாள். கடலில் ஓடும் கப்பல்களையெல்லாம் வரைபடத்தில் புள்ளிகளாகக் காட்டும் இணையப் பக்கம் ஒன்று உண்டு. பிரேம் கப்பலேறும் முன் அதைத் திறந்து, "இந்தப் புள்ளிதான் நான்மா" என்று அம்மாவுக்குக் காட்டிவிட்டுப் போனான். காட்டியிருக்கக் கூடாது.

அன்றிலிருந்து ரத்தினம்மா கணினிக்கு முன்னால்தான் காய் நறுக்குகிறாள், துணி மடிக்கிறாள், தேங்காய் துருவுகிறாள். விசைப்பலகையில் தேங்காய்ப்பூ இல்லாத நாளில்லை. புள்ளி நகர்ந்தால், "மல்லி நகருது. வாங்க, சாப்பிடுங்க" என்று தட்டு வைப்பாள். நடுக்கடலில் சிக்னல் அறுந்து புள்ளி மறைந்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குத் தொண்டையில் தண்ணீர்கூட இறங்காது.

"சிக்னல் இல்லன்னா கப்பலே இல்லன்னு அர்த்தமா? முப்பத்து நாலு வருஷம் கப்பல்லயே கிடந்தவன் சொல்றேன், கேளு" என்பார் தனசேகரன்.

"நீங்க கிடந்தது செம்பவாங் பட்டறையில ரிப்பேருக்கு நின்ன கப்பல்ல. அது எங்க போயிடும்?" என்பாள் ரத்தினம்மா.

போன வாரம் அரசாங்கப் பாலிகிளினிக்கில் அவளுடைய இரத்த அழுத்தம் நூற்று எழுபது என்றார்கள். டாக்டர் சின்னப் பெண். "டென்ஷன் கூடாது ஆன்ட்டி. வீட்டுல என்ன டென்ஷன்?" என்று ஆங்கிலத்தில் அன்பாகக் கேட்டாள். ரத்தினம்மா நேர்மையாக யோசித்து, "ஒரே ஒரு புள்ளி. சில நேரம் தெரியுது, சில நேரம் தெரிய மாட்டேங்குது" என்று பதில் சொன்னாள். டாக்டர் கண் சிறப்பு மருத்துவரைப் பார்க்கக் கடிதம் எழுதிக் கொடுத்தாள்.

கடிதத்தைப் பிடித்துக்கொண்டு பேருந்தில் வரும்போது தனசேகரன் முடிவு செய்தார். அவருக்கு இருப்பது இவள் ஒருத்தி. மகன் கடலில் பத்திரமாக இருப்பான், இவள் கரையில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்துவிடுவாள். புள்ளியை மூடிவிட வேண்டியதுதான்.

எப்படி மூடுவது என்பதை இணையத்தில் ஒருவர் வீடியோவாகப் போட்டிருந்தார். கணினிக்குள் 'ஹோஸ்ட்ஸ்' என்று ஒரு கோப்பு இருக்கிறதாம். கணினி வைத்துக்கொள்ளும் சின்ன முகவரிப் புத்தகம் அது. ஓர் இணையப் பக்கத்தின் பெயரை எழுதி அதற்கு நேராகத் தவறான முகவரியைப் போட்டுவிட்டால், கணினி வெளியே போகாமல் தன் வீட்டுக் கதவையே தட்டிப் பார்த்துவிட்டு, 'பக்கம் கிடைக்கவில்லை' என்று திரும்பிவிடும். ஆனால் அது பாதுகாக்கப்பட்ட கோப்பு. கண்டவர்கள் கைவைக்க முடியாது. வீடியோக்காரர் படபடவென்று பேசியதால் தனசேகரன் பாதி வேகத்தில் ஓடவிட்டார். அந்த வேகத்தில் வீடியோக்காரர் குடித்துவிட்டுப் பேசுவதுபோல் இருந்தாலும் விஷயம் புரிந்தது.

ரத்தினம்மா கேட்டால் என்ன சொல்வது? அதற்கும் பதில் தயாராக இருந்தது. 'அந்தப் பக்கத்தை மூடிட்டாங்க ரத்தினம்' என்று சொல்லிவிடலாம். இணையத்தில் அப்படி நடப்பதுதான். அவருக்கே நடந்திருக்கிறது. பிரேம் போன புதிதில் தனசேகரன் தினமும் காலைக் கோப்பியோடு கடற்கொள்ளைச் செய்திகள் வரும் பக்கம் ஒன்றைப் படிப்பார். எந்தக் கடலில் எந்தக் கப்பலை எத்தனை படகு துரத்தியது என்று அதில் தேதிவாரியாக இருக்கும். படித்துவிட்டு இட்லியைத் தொடாமல் எழுந்துவிடுவார். இரண்டு மாதத்தில் நான்கு கிலோ இளைத்தார். ஐந்து மாதத்துக்கு முன் ஒருநாள் காலை அந்தப் பக்கம் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. கொள்ளைக்காரர்கள் அடங்கிவிட்டார்கள், போடச் செய்தி இல்லாமல் பக்கத்தை நடத்தியவர்கள் கடையை மூடிவிட்டார்கள் என்று தனசேகரன் முடிவு கட்டினார்.

"கடல்ல எல்லாம் அமைதியாயிடுச்சு ரத்தினம்."

"அப்பாடா! இன்னும் ரெண்டு இட்லி வைக்கவா?" என்றாள் அவள்.

இந்தத் திட்டத்தில் தனசேகரனை உறுத்திய விஷயம் ஒன்றே ஒன்றுதான். அவர் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். ரிப்பேர் நடக்கும் வால்வையோ மின்விசையையோ பூட்டினால், பூட்டின் மேல் சிவப்பு அட்டை ஒன்றைத் தொங்கவிட வேண்டும். 'தொடாதே' என்று மேலே இருக்கும். கீழே மூன்று வரி: மாட்டியவர், காரணம், அகற்றும் நாள். மாட்டியவரைத் தவிர வேறு எவரும் அதைக் கழற்றக் கூடாது. அட்டையைப் படிக்காமல் கழற்றிய ஒரு ஃபோர்மேனை அவர் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். ஓய்வு பெறும்போது மிச்சமிருந்த அட்டைக் கட்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வெந்நீர் ஹீட்டர் கெட்டபோது, 'மாட்டியவர்: தனசேகரன். காரணம்: ஷாக். அகற்றும் நாள்: பழுது பார்த்தபின்' என்று எழுதித் தொங்கவிட்டார். ரத்தினம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மறுவாரம் முறுக்கு டின்னில் ஓர் அட்டை தொங்கியது. 'மாட்டியவர்: ரத்தினம்மா. காரணம்: உங்கள் கை. அகற்றும் நாள்: தீபாவளி.'

அப்படிப்பட்ட மனிதர் இன்று அட்டை இல்லாமல் ஒரு பூட்டுப் போடப் போகிறார். அட்டை மாட்டினால் அவள் படித்துவிடுவாளே!

மிக்ஸி நின்றது. தனசேகரன் வீடியோவை மறுபடி ஓட்டினார். நேராக அந்த இடத்தில் சேமிக்க முடியாவிட்டால் புதிதாக ஒரு கோப்பு எழுதி வெளியில் சேமித்து, உள்ளே இழுத்துப் போடச் சொன்னார் வீடியோக்காரர். தனசேகரன் எழுதினார், சேமித்தார், இழுத்துப் போட்டார். ஒன்றும் ஆகவில்லை. ரத்தினம்மா முருங்கைக்காயோடு வந்து உட்கார்ந்து, "மல்லி நல்லாப் போகுது" என்று நறுக்க ஆரம்பித்தாள்.

அவள் குளிக்கப் போன நேரத்தில்தான் கோளாறு புரிந்தது. புதிய கோப்பின் பெயருக்குப் பின்னால் 'டெக்ஸ்ட்' என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டிருந்தது. வாலை வெட்டப் போனால், அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்றது கணினி. 'பழையதன் பெயரை மாற்றி ஓரமாக வையுங்கள். அதைத் திறந்துகூடப் பார்க்க வேண்டியதில்லை' என்றார் வீடியோக்காரர், குழறிக் குழறி. தனசேகரன் பழைய கோப்பை ஓரங்கட்டிவிட்டுப் புதியதை அதன் இடத்தில் உட்கார வைத்தார். 'நிர்வாகி என்ற முறையில் தொடரவா?' என்று கணினி கேட்டது. ஒருவழியாக இதற்காவது புத்தி வந்ததே என்று 'தொடர்க'வை அழுத்தினார். வேறு யாரும் மாற்றிவிடாதபடி புதிய கோப்பைப் பூட்டிவைக்கவும் வீடியோவில் வழி இருந்தது. அதையும் விடவில்லை.

பதினொரு மணிக்கு ரத்தினம்மா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, பக்கமே வரலை."

"மூடிட்டாங்க போல ரத்தினம். இப்பல்லாம் திடீர் திடீர்னு மூடிடுறாங்க" என்றார் அவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

"காலையில இருந்துச்சே!"

"அதான் சொல்றேன்லா, திடீர்னு."

அவள் அமைதியாகிவிடுவாள், அப்புறம் மறந்துவிடுவாள், அழுத்தம் இறங்கிவிடும் என்பதுதான் திட்டம். ரத்தினம்மா அமைதியானாள். அந்த அமைதியோடு எழுந்து போய் மார்சிலிங்கில் இருக்கும் தங்கைக்குப் போன் செய்து, "மல்லியைக் காணோம்டி" என்றாள்.

ஒரு மணி நேரத்தில் தங்கை டாக்சியில் வந்து இறங்கினாள். கையில் கோயில் விபூதி, கண்ணில் கண்ணீர். அவள் வழியில் யாருக்கெல்லாம் போன் செய்தாளோ, வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. "கப்பல் எங்க மூழ்குச்சாம்?" என்று கேட்டார் ஒருவர். அடுத்த வீட்டு மலாய் அம்மா ஒரு பெரிய பாத்திரத்தில் சோறு கொடுத்தனுப்பினார். துக்க வீட்டுக்கு அனுப்பும் அளவு இருந்தது. தனசேகரனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"ரத்தினம், ஒண்ணும் ஆகலை. பக்கம்தான் போச்சு, கப்பல் போகலை."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எப்படிச் சொல்வது? அவள் விபூதியை எடுத்துத் திரையின் நெற்றியில் பூசினாள். புள்ளி இருந்தபோது அவளுக்கு அழுத்தம் நூற்று எழுபது. இல்லாதபோது எவ்வளவு என்று யாரும் அளந்து பார்க்கவில்லையே! தான் ஒரு மடையன் என்று அவர் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். சத்தமில்லாமல் பழையபடி மாற்றிவிட்டு, 'பார், வந்துடுச்சு' என்று சொல்லிவிடலாம் என்று கணினியின் முன் உட்கார்ந்தார்.

'இந்தக் கோப்பை மாற்ற உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது திரை.

அவர் போட்ட பூட்டு. எப்படித் திறப்பது என்பது அந்த வீடியோவில் இல்லை. வேறு வீடியோவில் இருக்குமோ என்று தேடப் போனவரின் கை பதற்றத்தில் எதையோ தட்டியது. அவர் எப்போதோ குறித்துவைத்த பழைய பட்டியலிலிருந்து ஒரு பக்கம் விரிந்தது.

கடற்கொள்ளைச் செய்திப் பக்கம்!

ஐந்து மாதம் மூடிக் கிடந்த கடை இன்றைக்கென்று பார்த்துத் திறந்திருந்தது. கொள்ளைக்காரர்கள் அடங்கவே இல்லை. ஐந்து மாதத்துச் செய்திகளும் வரிசையாக நின்றன. முந்தாநாள் தேதியில் ஒன்று. எண்ணெய்க் கப்பல், இரண்டு சிறு படகுகள். கப்பலின் பெயரைப் போடவில்லை. தனசேகரன் அதை மூன்று முறை படித்தார். பிறகு தங்கை போட்டு வைத்த சோற்றுத் தட்டை மெல்லத் தள்ளி வைத்தார்.

ரத்தினம்மா அதைப் பார்த்துவிட்டாள். அவ்வளவு அழுகையிலும் அந்தத் தட்டு நகர்ந்ததை அவள் கண் கவனித்தது. எழுந்து வந்து அவர் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தாள்.

"இது எப்படிங்க திறந்துச்சு?"

"அதான் எனக்கும் புரியலை. மறுபடி ஆரம்பிச்சுட்டாங்க போல."

அவள் அவரையே உற்றுப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். குரல் திடீரென்று தெளிவாகிவிட்டது. "கம்ப்யூட்டர்ல என்ன பண்ணீங்க?"

"நானா? ஒண்ணுமில்லையே!"

"சரி, ஒண்ணும் பண்ணலை. இப்பவே இதை டெக்காவுக்குக் கொண்டு போங்க. மார்க்கெட்டுக்குப் பின்னால ருக்சார்னு ஒரு பொண்ணு கடை வச்சிருக்கு. அதுகிட்ட மட்டும் காட்டுங்க."

"உனக்கு எப்படி அவங்களைத் தெரியும்?"

"மீன் வாங்கப் போறப்ப பார்த்திருக்கேன். கிளம்புங்க."

கணினிப் பெட்டியை மார்க்கெட் டிராலியில் ஏற்றி, மேலே துண்டு போட்டு மூடி, தனசேகரன் எம்ஆர்டி ரயிலில் கிளம்பினார். எதிரே உட்கார்ந்திருந்த சீனப் பாட்டி டிராலியை எட்டிப் பார்த்து, "தர்பூசணியா?" என்று மலாயில் விசாரித்தார். ஆமாம் என்று தலையாட்டி வைத்தார் தனசேகரன். விளக்கம் சொல்லத் தெம்பில்லை. முந்தாநாள், எண்ணெய்க் கப்பல், இரண்டு படகு. நியூட்டன் நிலையத்தில் மாற வேண்டிய ரயிலை ஒரு தடவை தவறவிட்டார்.

ருக்சாரின் கடை பூக்கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் ஒடுக்கமாக இருந்தது. நாற்பது வயதிருக்கும் அவளுக்கு. முக்காட்டுக்கு மேல் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தாள். பெட்டியை மேசையில் வைத்து ஒயர்களை மாட்டினாள்.

"என்ன ஆச்சு அங்கிள்?"

"ஒரு பக்கம் மூடிக்கிச்சும்மா. இன்னொண்ணு தானாத் திறந்துக்கிச்சு."

"தானா எதுவும் நடக்காது லா." அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். புருவம் உயர்ந்தது. "ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல கை வச்சிருக்காங்க. பூட்டு வேற போட்டிருக்காங்க. யாரு அங்கிள்?"

தனசேகரன் பூக்கடையைப் பார்த்தார். பிறகு, மனது தாங்காமல், அத்தனையும் கொட்டிவிட்டார். புள்ளி, நூற்று எழுபது, குழறும் வீடியோக்காரர், மார்சிலிங் தங்கை, மலாய் அம்மாவின் சோறு. "அவ நல்லதுக்குன்னு நினைச்சுத்தான் பண்ணேன்மா. இப்ப ரெண்டு பேருமே சாப்பிடலை" என்றபோது அவருக்குக் கண் கலங்கியது.

ருக்சார் சிரிக்கவில்லை. பத்து நிமிடத்தில் பூட்டைத் திறந்து, அவர் எழுதிய வரியை எடுத்துவிட்டு, கப்பல் பக்கத்தைத் திறந்தாள். "பேரு சொல்லுங்க."

"ஓரியன் ஜாஸ்மின்."

இலங்கைக்குத் தெற்கே, கிழக்குப் பார்த்து, பச்சைப் புள்ளி ஒன்று நிதானமாக நகர்ந்துகொண்டிருந்தது. தனசேகரன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு கைபேசியில் அதைப் படம் பிடித்து மனைவிக்கு அனுப்பினார். ஒரே நிமிடத்தில் பதில் குரலாக வந்தது. "மல்லி நகருதுங்க! முதல்ல அங்க எங்கயாவது சாப்பிடுங்க."

"அவ்வளவுதானேம்மா? எவ்வளவு தரணும்?"

"இருங்க அங்கிள். நீங்க ஓரமா எடுத்து வச்ச பழைய ஃபைல் இங்க இருக்கு. அதைத் திறந்து படிச்சுப் பார்த்தீங்களா?"

"இல்ல. படிக்க வேண்டியதில்லைன்னு வீடியோவுல சொன்னான்" என்றார் தனசேகரன். சொல்லும்போதே அந்தப் பழைய ஃபோர்மேனின் முகம் நினைவுக்கு வந்து, காது சூடாகிவிட்டது. "பழசுதானே, அதை அழிச்சிடும்மா. எதுக்குக் குப்பை?"

"அழிக்க முடியாது. திரும்ப அதே இடத்துல வச்சே ஆகணும்."

"ஏன்?"

"இதுல ஒரு பக்கத்தை மூடி வச்சிருக்கு. அதுக்கு மேல தமிழ்ல ஒரு குறிப்பு இருக்கு. கம்ப்யூட்டர் இதைப் படிக்காது, மனுஷங்க படிக்கத்தான் எழுதுறது. அஞ்சு மாசத்துக்கு முன்னாடி ஒரு ஆன்ட்டி இதே டிராலியில பெட்டியைக் கொண்டுவந்தாங்க. பக்கத்தை மூடினா மட்டும் பத்தாது, இதையும் எழுதியே ஆகணும்னு சொல்லச் சொல்ல, நான்தான் டைப் பண்ணேன்."

தனசேகரன் சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினார். கொண்டுவரவில்லை. "என்னம்மா எழுதியிருக்கு?"

ருக்சார் தன் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, திரையைப் பார்த்து நிதானமாகப் படித்தாள்.

"தொடாதே. மாட்டியவர்: ரத்தினம்மா. காரணம்: கடற்கொள்ளைச் செய்தி படித்தால் இவர் சாப்பிடுவதில்லை. அகற்றும் நாள்: பிரேம் வீடு வந்து சேரும் நாள்."